திமிங்கலச் சுறாவும் செம்மரமும்: இனம் வேறு, ஆபத்து ஒன்று

 

உயிரியல் பாடத்தில் பிள்ளைகள் அடிக்கடி ஒன்றாகக் குழப்பிக்கொள்ளும் கேள்விகள் இரண்டு. இந்த உயிர் எந்த இனம்? இப்போது அது எந்த நிலையில் இருக்கிறது? முதலாவதற்கு விடை வகைப்பாடு. இரண்டாவதற்கு விடை பாதுகாப்பு நிலை. மன்னார் வளைகுடாவுக்கு வரும் திமிங்கலச் சுறாவையும், ஆந்திராவின் கிழக்குத் தொடர்ச்சி மலையில் வளரும் செம்மரத்தையும் வைத்து இதைப் பார்ப்போம்.

வகைப்பாடு

திமிங்கலச் சுறா பெயரில்தான் திமிங்கலம். அது பாலூட்டி அல்ல, குருத்தெலும்பு மீன். அறிவியல் பெயர் ரிங்கோடான் டைபஸ். உலகிலேயே பெரிய மீனான அது, மிதவை நுண்ணுயிர்களையும் சிறு மீன்களையும் வடிகட்டி உண்கிறது.

செம்மரத்தைச் செஞ்சந்தனம் என்றும் சொல்வார்கள். ஆனால் அது சந்தன மரத்தின் உறவு அல்ல. நம் வீட்டு அவரை, துவரையின் குடும்பம். அறிவியல் பெயர் டெரோகார்பஸ் சாண்டலினஸ். வேங்கை மரமும் இதே பேரினம்.

பாதுகாப்பு நிலை

ஒன்று விலங்கு, மற்றது தாவரம். ஆயினும் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் இரண்டும் ஒரே இடத்தில், 'அழியும் அபாயத்தில் உள்ளவை' என்ற பிரிவில் இருக்கின்றன. காரணமும் ஒன்றுதான். சுறா வளர்ந்து இனப்பெருக்கம் செய்யவும், மரத்தில் செந்நிற வைரம் பாயவும் பல்லாண்டுகள் ஆகும். பிடிப்பதும் வெட்டுவதும் அதைவிட வேகமாக நடக்கின்றன.

சட்டம்

திமிங்கலச் சுறா 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. வேட்டையாடினால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. தவறி வலையில் சிக்கினால், வலையை அறுத்தாவது உயிரோடு விட்டுவிட வேண்டும். குஜராத் மீனவர்கள் அப்படித்தான் விடுகிறார்கள். அறுந்த வலைக்கு அங்கே அரசு இழப்பீடு தருகிறது.

செம்மரத்தைப் பட்டா நிலத்தில் வளர்ப்பது குற்றமல்ல. வெட்டவும் கொண்டுசெல்லவும் வனத்துறை அனுமதி வேண்டும். காட்டில் வெட்டுவதோ கடும் குற்றம். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்ததாகச் சொல்லி ஆந்திரக் காவல்துறை சுட்டதில் 20 பேர் இறந்தார்கள். அவர்கள் தமிழகத்தின் ஏழைக் குடும்பத்தார். கடத்தலில் இலாபம் பார்ப்பவர் ஒருவர். காட்டுக்குள் மாட்டிக்கொள்பவர் இன்னொருவர்.

மாணவர்கள் தேர்வில் வகைப்பாட்டையும் நிலையையும் தனித்தனியே எழுதுங்கள். பெற்றோர்கள், அதிகக் கூலி என்று ஆசை காட்டி வெளியூர் மரவேலைக்கு யாராவது அழைத்தால், எந்த மரம், யாருடைய நிலம், அனுமதிச் சீட்டு எங்கே என்று கேட்டுவிட்டுப் பிள்ளைகளை அனுப்புங்கள்.