வெள்ளிக்காசும் வண்ணக்கனும்

சென்ற ஆண்டு பூசை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று, டாலிகஞ்சில் வாழும் நம் மாணவன் ஒருவன் கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்த காசொன்றை எடுத்து என் மேசைமீது வைத்தான். கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரியது, வெள்ளி நிறம். ஒரு பக்கத்தில் நெற்றிப் பட்டிகை அணிந்த அரசனின் முகம். மறு பக்கத்தில் இடியைப் படைக்கலமாக ஓங்கி நிற்கும் பெண்தெய்வம்.

"ஐயா, இது மெனாந்தர் என்னும் கிரேக்க அரசனின் காசு. ஈராயிரம் ஆண்டுக்கும் மேற்பட்டதாம். நடைபாதைக் கடையில் ஆயிரத்து இருநூறு ரூபாய்க்கு வாங்கினேன்" என்றான்.

அத்தொகையை அவன் ஈராண்டுகளாகச் சேர்த்து வந்தான் என்பதை நான் அறிவேன். அவனுடைய தந்தையார் காசைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். "ஏதோ படப்பிடிப்புக்குச் செய்த காசு" என்று அக்காள் சிரித்தாளாம். டாலிகஞ்ச் திரைப்படக் கூடங்கள் நிறைந்த பகுதியாதலின், அக்காளின் ஐயத்தையும் தள்ளிவிடுவதற்கில்லை.

"இது மெய்யா, போலியா?" என்று அவன் கேட்டான். நான் தமிழாசிரியன், காசுகளை ஆய்பவன் அல்லேன். ஆயினும் அவ்வினாவிற்கு விடை சொல்லவேண்டிய மனிதனுக்குத் தமிழில் பழைய பெயர் ஒன்று உண்டு என்பது நினைவுக்கு வந்தது. அவன் வண்ணக்கன்.

பொன்னையும் காசையும் நோட்டம் பார்த்து, இது நல்லது, இது தீயது என்று சொல்பவனே வண்ணக்கன். சங்கப் புலவர்களுள் வடமவண்ணக்கன் தாமோதரனார், வடமவண்ணக்கன் பேரிசாத்தனார் ஆகியோர் பெயர்களில் இத்தொழிற்பெயர் இன்றும் நிற்கிறது. காசைக் குறிக்கும் 'நாணயம்' என்னும் சொல்லையே நாம் நேர்மைக்கும் வழங்குகிறோம். காசு பொய்க்குமோ என்னும் அச்சம் அத்துணைப் பழையது.

கிரேக்கரும் இவ்வச்சத்திற்கு விலக்கல்லர். ஏதென்சு நகரம் கி.மு. 375-ஐ ஒட்டி இதற்கெனச் சட்டமே இயற்றியது. அச்சட்டத்தைப் பொறித்த கல் 1970-இல் அந்நகரின் பழைய சந்தைத் திடலில் கிடைத்தது. அரசுக்கு உரிமையான அடிமை ஒருவன், பணம் மாற்றுவோரின் மேசைகளுக்கு நடுவே அமர்ந்து வெள்ளிக்காசுகளைச் சோதிக்கவேண்டும். உள்ளே செம்போ ஈயமோ இருக்கக் கண்டால் அங்கேயே அக்காசைக் குறுக்கே வெட்டவேண்டும். செம்பின்மேல் மெல்லிய வெள்ளித் தகடு போர்த்த காசுகள் அக்காலத்திலேயே புழங்கின. ஆகவே, பழங்காலத்துக் காசு என்பதனாலேயே ஒரு காசு நல்ல காசு ஆகிவிடாது. அது பழங்காலத்துப் போலியாகவும் இருக்கலாம்!

நாங்கள் இருவரும் வேதியியல் ஆய்வகத்திற்குச் சென்றோம். மெனாந்தரின் சிறிய வெள்ளிக்காசு ஏறத்தாழ 2.4 கிராம் எடையுடையது. மின்னணுத் தராசில் வைத்தோம். 2.40 கிராம். அவன் முகம் மலர்ந்தது. எனக்கும் உள்ளூர மகிழ்ச்சியே. ஆனால் எடையை மட்டும் ஒத்திருக்கச் செய்வது எளிது. நூலைப் படித்த எவனும் செய்வான்.

அடுத்து, தண்ணீர்க் கோப்பையொன்றைத் தராசின்மேல் வைத்து, எண்ணைச் சுழியாக்கினோம். காசை நூலில் கட்டி, அடியைத் தொடாதவாறு நீருள் இறக்கினோம். காசு தன் பருமனளவு நீரை விலக்கும். விலக்கிய நீரின் எடையைத் தராசு காட்டும். காசின் எடையை அவ்வெடையால் வகுத்தால் உலோகத்தின் அடர்த்தி கிடைக்கும். இவ்வுண்மையைக் கண்டுரைத்த ஆர்க்கிமிடீசும் கிரேக்கரே. தூய வெள்ளி நீரைப்போல் பத்தரை மடங்கு அடர்த்தி உடையது. செம்பு ஒன்பது மடங்கிற்குச் சற்றுக் குறைவு. எங்கள் காசுக்குத் தராசு காட்டிய எண் 0.27. வகுத்துப் பார்த்தான், 8.9 வந்தது.

நெடுநேரம் அவன் பேசவில்லை. பிறகு, "ஐயா, இது அந்தக் காலத்துப் போலியாக இருக்கக்கூடாதா?" என்றான். நல்ல வினா. அன்று அவனுக்கு முழு மதிப்பெண் அளித்திருப்பேன்.

அதற்கு விடை எழுத்தில் இருந்தது. அருங்காட்சியகத்திலுள்ள மெனாந்தர் காசு ஒன்றின் பெரிய படத்தைப் பக்கத்தில் வைத்து, உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்கினோம். அரசன் முகத்தைச் சுற்றி 'பசிலேயோஸ் சோத்தேரோஸ் மெனாந்த்ரூ' என்னும் கிரேக்கத் தொடர் எழுத்துப் பிசகாமல் இருந்தது. காக்கும் அரசன் மெனாந்தருடையது என்பது அதன் பொருள். மறு பக்கத்தில் அதே பொருள், பிராகிருத மொழியில், வலமிருந்து இடமாகச் செல்லும் கரோஷ்டி எழுத்தில் 'மஹரஜஸ த்ரதரஸ மெனம்த்ரஸ' என்று இருக்கவேண்டும். அவன் காசிலோ அவ்விடத்தில் கோழி கிளறியது போன்ற கோடுகளே இருந்தன. விளிம்பைச் சுற்றி ஒரு மெல்லிய பொருத்துக்கோடும் தெரிந்தது. பழங்காசுகள் இரு அச்சுகளுக்கு நடுவே வைத்துச் சம்மட்டியால் அடிக்கப்பட்டவை. இரண்டு பாதி அச்சுகளில் உருக்கி வார்த்தால்தான் இத்தகைய கோடு விழும். ஐயம் தீர்ந்தது.

போலி செய்தவன் கிரேக்கப் பக்கத்தில் காட்டிய அக்கறையை இந்தியப் பக்கத்தில் ஏன் காட்டவில்லை? வாங்குவோர் அதனைப் படிக்கமாட்டார் என்று எண்ணியிருப்பான். வீட்டில் தமிழும் தெருவில் வங்காளமும் வகுப்பில் ஆங்கிலமும் பேசும் உங்களுக்கு, ஒரு காசு இரு மொழி பேசுவது வியப்பாக இராது. அந்த இரண்டாம் மொழியால் விளைந்த பயனைக் கூறினால் வியப்பீர்கள். அது விளைந்தது இதே கொல்கத்தாவில்.

சேம்சு பிரின்செப் 1819-இல் தம் இருபதாம் வயதில் இந்நகருக்கு வந்தார். அவர் வேலை, நாணயச்சாலையில் வெள்ளியின் மாற்றைச் சோதிப்பது. நம் சொல்லில் கூறினால், அவர் ஒரு வண்ணக்கன். இடையில் சில ஆண்டுகள் காசியில் பணியாற்றி மீண்டு, 1832-இல் கொல்கத்தா நாணயச்சாலையின் தலைமைச் சோதகர் ஆனார். ஆசியக் கழகத்தின் செயலராகவும் இருந்தமையால், வடமேற்கில் கிடைத்த பழங்காசுகள் அவரிடம் வந்து குவிந்தன. அக்காலத்தில் கரோஷ்டியைப் படிக்க வல்லார் எவரும் இலர். ஆப்கானிய நாட்டில் ஆயிரக்கணக்கான காசுகளைத் திரட்டிய சார்லசு மேசன், கிரேக்கப் பக்கத்தில் அரசன் பெயர் மாறும்போது மறு பக்கத்திலும் குறிப்பிட்ட எழுத்துகள் மாறுவதைக் கண்டு பிரின்செப்புக்கு எழுதினார். தெரிந்த பெயரைக் கொண்டு தெரியாத எழுத்தைப் பிடிக்கும் வழி அவ்வாறு திறந்தது. அறிஞர் பலர் தொடர்ந்து முயன்று கரோஷ்டியை முற்றும் படித்தனர். பிரின்செப் 1837-இல் பிராமியையும் படித்தார். அசோகனின் கல்வெட்டுகள் வாய் திறந்தன. மூன்று ஆண்டுகளில், நாற்பதாம் வயதில், அவர் மறைந்தார். கங்கைக் கரையில் பிரின்செப் துறையில் வேர்க்கடலை கொறித்தபடி நடக்கும் பலர் அப்பெயர் யாருடையது என்று கேட்பதில்லை.

பிராமியைப் படித்ததனால்தான் பின்னர்த் தமிழகத்துக் குகைகளின் எழுத்தையும் படிக்க இயன்றது. அவற்றின் மொழி தமிழே என்று கே. வி. சுப்பிரமணிய ஐயர் 1924-இல் எடுத்துக்காட்டினார். கரூரில் கிடைத்த வெள்ளிக்காசு ஒன்றில், உரோமானியக் காசுகளில் உள்ளதைப் போன்ற ஒரு தலையுருவமும், மேலே 'மாக்கோதை' என்னும் சேரன் பெயரும் உள்ளன. அதனை இன்று நாம் படிக்கின்றோம் என்றால், அதற்கு இந்நகரத்து வண்ணக்கனுக்கும் பங்குண்டு. போலிக்காசு வாங்கியவனின் பணத்தை மட்டும் தின்பதில்லை. பொய் எழுத்துள்ள காசு ஒன்று பிரின்செப்பின் மேசையில் புகுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

தராசும் நீரும் எல்லாப் போலிகளையும் பிடித்துவிடா. செருமானியரான கார்ல் வில்கெல்ம் பெக்கர் (1772–1830) நல்ல வெள்ளியிலேயே, தாமே வெட்டிய அச்சுகளால் கிரேக்கக் காசுகளை அடித்தார். புதுமெருகு மறைவதற்காக அவற்றை இரும்புத்தூளுடன் பெட்டியிலிட்டுத் தம் வண்டியில் வைத்து ஊர் சுற்றுவாராம்! இத்தகையோரை வெல்வதற்குரிய சான்று, காசு கிடைத்த இடமே. 1970-இல் ஆப்கானிய நாட்டின் ஆய்-கானூமில், கிரேக்க அரசன் அகதோக்ளீசின் வெள்ளிக்காசுகள் ஆறு அகழாய்வில் வெளிப்பட்டன. ஒரு பக்கம் கிரேக்கம், மறு பக்கம் பிராமி. உருவங்களோ கண்ணனும் பலராமனும்! நடைபாதையில் ஒருவர் விற்றிருந்தால் யார் நம்பியிருப்பார்? மண்ணுள் கிடந்த நிலையில் அறிஞர்கள் எடுத்ததனால் உலகம் நம்பியது. கரூர் அமராவதி ஆற்று மணலில் கிரேக்க நகரங்களின் காசுகளும் கிடைத்துள்ளன. அவற்றை இரா. கிருஷ்ணமூர்த்தி அரிதின் திரட்டி நூலாக்கினார். ஆனால் ஆற்று மணலுக்கு அகழ்குழியைப் போல் மண்ணடுக்குச் சான்று இல்லை. அதனால் அங்கு ஒவ்வொரு காசையும் தனித்தனியே ஆராய வேண்டியிருக்கிறது.

மண்ணில் புதையல் கண்டால் மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்கவேண்டும் என்கிறது 1878-ஆம் ஆண்டுச் சட்டம். தொல்பொருளைத் தனியார் அயல்நாட்டுக்கு அனுப்புவதை 1972-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

நம் மாணவன் மறு ஞாயிறன்று அந்நடைபாதைக்குச் சென்றான். கடைக்காரரைக் காணவில்லை. காசை எறிந்துவிடுமாறு தந்தையார் கூறினார். அவன் எறியவில்லை. சிறு தாளுறையில் இட்டு, மேலே தமிழிலும் வங்காளத்திலும் எழுதினான்: "போலி. வார்ப்பு. அடர்த்தி 8.9. கொல்கத்தா நடைபாதையில் வாங்கியது." எனக்குப் பின் இதனை எடுப்பவர் ஏமாறக்கூடாது அல்லவா, என்றான்.

அருஞ்சொற்பொருள்
நோட்டம் – காசு, மணி முதலியவற்றின் தரம் பார்த்தல். மாற்று – பொன், வெள்ளியின் தூய்மை அளவு. வார்ப்பு – உலோகத்தை உருக்கி ஊற்றிச் செய்தது. அரிதின் – முயன்று, வருந்தி.

பயிற்சி
1. காசின் எடை சரியாக இருந்தும் ஆசிரியர் ஏன் நிறைவடையவில்லை?
2. போலி செய்தவன் காசின் எந்தப் பக்கத்தில் பிழை செய்தான்? அப்பக்கம் வரலாற்றுக்கு எவ்வாறு உதவியது?
3. உங்கள் வீட்டிலுள்ள ரூபாய்த் தாளில் எத்தனை மொழிகள் உள்ளன? தமிழ் எத்தனையாவது வரியில் உள்ளது? பார்த்து எழுதுக.
4. மாணவன் எழுதியது போல, உங்களிடமுள்ள பழைய பொருள் ஒன்றிற்கு நான்கு வரிகளில் குறிப்புச் சீட்டு எழுதுக. அது எங்கே, யாரிடமிருந்து கிடைத்தது என்பதை மறவாமல் சேர்க்க.