இயந்திர எண்ணெயில் எரிபொருள் கலந்திருப்பதை அறிதல்

நீரிறைக்கும் இயந்திரத்திலும் உழவு இயந்திரத்திலும் எண்ணெய் நாளடைவிற் சிறிது குறைவதே இயல்பு. ஊற்றாமலே அளவுகோலில் எண்ணெய் மட்டம் உயர்ந்திருக்கக் கண்டால் கமக்காரர் மகிழ்தற்கு இடமில்லை. வேறொரு திரவம் உட்புகுந்துள்ளது. எண்ணெய் பாற்றேநீர் போல வெளிறியிருப்பின் அது நீராகும். கறுத்து மெலிந்திருப்பின் பெரும்பாலும் எரிபொருளே. எரிபொருள் கலந்த எண்ணெய் தாங்கிகளில் உறுதியான படலமாக நில்லாது. உலோகம் உலோகத்தோடு உரைந்து தேயும்.

மட்டம் மாறாதிருப்பதும் சிலவேளை ஏமாற்றும். எரிந்து குறையும் எண்ணெயின் இடத்தை எரிபொருள் நிரப்பிவிடலாம். எண்ணெயே குடிக்காத இயந்திரம் எனப் பெருமை பேசப்படுவனவற்றுட் சில இத்தகையனவே.

ஆகவே அளவுகோலை முகர்ந்து பார்த்தல் வேண்டும். பெற்றோல், மண்ணெண்ணெய் ஆகியவற்றின் மணம் எளிதிற் புலப்படும். டீசலின் மணம் அத்துணைத் தெளிவாயிராது. விரலால் தேய்த்தறிதலை மட்டும் நம்பலாகாது. சூடான எண்ணெய் எதுவும் மெலிவாகவே தோன்றும். மையொற்றுத் தாளில் இவ்வெண்ணெயில் ஒரு துளியையும், அருகே அதே வகைப் புதிய எண்ணெயில் ஒரு துளியையும் இட்டுச் சில மணி நேரம் விடுக. கரும்புள்ளிக்கு வெளியே வெளிறிய வளையம் மிக அகலமாகப் பரந்திருப்பின் டீசலோ மண்ணெண்ணெயோ கலந்திருத்தல் கூடும். பெற்றோல் ஆவியாகிவிடுமாதலால் அதற்கு இச்சோதனை பயன்படாது.

பெற்றோலில் தொடக்கி மண்ணெண்ணெயில் ஓட்டும் இயந்திரங்களில், சூடேறுமுன் மண்ணெண்ணெய்க்கு மாற்றும் அவசரமே முதற் காரணம். குளிர்ந்த சிலிண்டரில் அது முற்றாக ஆவியாகாது, பிஸ்டன் வளையங்களைக் கடந்து கீழிறங்கும். ஓட்டம் முடிந்தபின் எரிபொருட் குழாயைப் பூட்டாது விடுதலும், காபரேற்றர் மிதவையின் ஊசியில் அழுக்குப் படிதலும் மற்றைய காரணங்கள். டீசல் உழவு இயந்திரமாயின், எரிபொருளைச் சிதறும் முனை சொட்டுகின்றதா என்பதைத் தேர்ந்த திருத்துநரிடம் காட்டுக.

மட்டம் உயர்ந்த டீசல் இயந்திரத்தை இயக்கிப் பார்த்தலும் கூடாது. மிகுந்த எண்ணெய் சிலிண்டருட் புகுந்து எரியுமாயின், எரிபொருளை நிறுத்தினாலும் இயந்திரம் கட்டின்றி ஓடக்கூடும்.

காரணத்தை நீக்கியபின்னரே எண்ணெயை முற்றாக வடித்து, வடிகட்டி இருப்பின் அதனையும் மாற்றுக. வடிக்கும் இடத்தில் பீடி, விளக்கு ஆகாது. வடித்ததைக் கிணற்றடியில் ஊற்றலாகாது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கல் நிலத்தில் அது குடிநீரை எளிதிற் சென்றடையும். புதிய எண்ணெயைக் குறிவரை மட்டும் ஊற்றி, ஐந்து மணி நேர ஓட்டத்தின்பின் மட்டத்தை மீண்டும் பார்க்க. உயர்ந்திருப்பின் காரணம் இன்னும் நீங்கவில்லை.