புல்தரைப் பள்ளங்களை ஐப்பசிக்குள் மேவிவிடுங்கள்

தமிழ்நாட்டில் புல்தரையை மட்டப்படுத்த ஆடியும் ஆவணியும்தான் தோதான மாதங்கள். மண்ணில் சூடு இருக்கிறது, மாலையில் அவ்வப்போது இடிமழை இறங்குகிறது, புல் வேகமாக ஓடுகிறது. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் போட்ட மண் கரைந்து ஓடிவிடும்.

அடுத்த மழை விட்டு ஒரு மணி நேரம் கழித்தும் தண்ணீர் நிற்கும் இடங்களைச் சுற்றிச் சுண்ணாம்புத்தூள் தூவி வையுங்கள். மண்வெட்டியை எடுக்கும் முன், பள்ளம் ஏன் விழுந்தது என்று பாருங்கள். நீளவாக்கில் இறங்கியிருந்தால் குழாய் பதித்த இடம் அமுங்கியிருக்கும். மழையில்லாத நாளிலும் அங்கே ஈரமிருந்தால் குழாய் ஒழுகலாம். கால் பொதுக்கென்று உள்ளே போனால் பெருச்சாளி வளையாக இருக்கும். இதையெல்லாம் சரிசெய்யாமல் மண் கொட்டுவது வீண். கொரியன் கிராஸ் போட்டவர்களுக்கு வேறு சங்கதி. வெட்டாமல் விட்டால் அந்தப் புல் தானாகவே திட்டுத்திட்டாக மேடு கட்டும். தரையில் குறையே இருக்காது. கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி இறக்கினால் போதும்.

ஒரு டிராக்டர் செம்மண்ணை இறக்கி ஒரே நாளில் நாலு அங்குலம் மேவச் சொல்லும் ஆட்கள் எல்லா ஊரிலும் உண்டு. கேட்காதீர்கள். அடியில் புல் வெளிச்சமில்லாமல் செத்துப்போகும். மண்ணோடு வந்த கோரைக்கிழங்கு மட்டும் அமோகமாக முளைக்கும்.

மணல் இரண்டு பங்கு, தோட்டத்து மண் ஒரு பங்கு, நன்றாக மக்கிய உரம் ஒரு பங்கு. மூன்றையும் சலித்துக் கலக்குங்கள். சல்லடையில் கருப்பாக உருண்டு நிற்கும் கோரைக்கிழங்குகளைத் தோட்டத்துக்கு வெளியே கொட்டுங்கள். கடல்மணலில் உப்பு இருக்கும், வேண்டாம். தூள் நிறைந்த எம்-சாண்டும் வேண்டாம், காய்ந்தால் இறுகிவிடும்.

புல்லை வழக்கத்தைவிடச் சற்றுக் குட்டையாக வெட்டி, கலவையை ஒரு சென்டிமீட்டருக்கு மேல் போகாமல் தூவுங்கள். ஒரு சதுர மீட்டருக்குப் பத்து லிட்டர் வாளி ஒன்று சரியாக இருக்கும். தென்னை விளக்குமாற்றால் தள்ளித்தள்ளி விட்டால் மண் அடிக்கு இறங்கி, இலை நுனிகள் மேலே தெரியும். நுனி தெரியாத இடத்தில் மண் அதிகம், வழித்தெடுங்கள். பிறகு பூவாளியால் தண்ணீர் தெளியுங்கள், ஹோஸைப் பீய்ச்ச வேண்டாம். மூன்று நான்கு வாரத்தில் புல் மேலேறியதும் அடுத்த அடுக்கு. அருகு சீக்கிரம் ஏறிவிடும். பஃபலோ கிராஸுக்கு மண்ணுக்கடியில் ஓடும் தண்டு கிடையாது, ஆகவே ஒவ்வொரு முறையும் அரை சென்டிமீட்டரோடு நிறுத்துங்கள்.

பள்ளம் இரண்டு அங்குலத்துக்கு மேல் ஆழமென்றால் தூவி மாளாது. மூன்று பக்கம் கூரான மண்வெட்டியால் வெட்டி, புல்லை வேரோடு பாய்போல மடக்கி, அடியில் மண் நிரப்பி, திரும்பப் போர்த்தி மிதித்துவிடுங்கள். இரண்டு வாரம் ஈரம் காயக்கூடாது.

சுவரோரம் மட்டும் நூல் கட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். சுவரிலிருந்து வெளிப்பக்கம் சரிவு வேண்டும். அங்கே ரசமட்டம் வைத்துச் சமமாக்கினால் மழைத்தண்ணீர் அஸ்திவாரத்தோரம் தேங்கும்.