பயிர்ப் படிப்புக்கு எந்தக் கல்லூரி?

மேல்நிலைத் தேர்வு முடிவு வெளியானதும் வெள்ளகோவில் வட்டார விவசாயக் குடும்பங்கள் பலவற்றில் எழும் கேள்வி இது. பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத்தின் கடைமடையில் முருங்கையும் தென்னையும் வைத்து, மீதி நிலத்தைக் கொறங்காடாக விட்டு மாடு வளர்க்கும் குடும்பத்துக்கு நான்காண்டுப் படிப்பு சிறிய செலவன்று. ஆகவே பணம் கட்டுவதற்கு முன் பெற்றோர்கள் சில செய்திகளைத் தெரிந்துகொள்வது நலம்.

பயிரைப் பற்றிய படிப்புகள் எல்லாம் ஒன்றல்ல. கலை அறிவியல் கல்லூரிகளில் உள்ள தாவரவியல் பட்டப்படிப்பு மூன்றாண்டு. வேளாண்மை, தோட்டக்கலை, வனவியல் பட்டப்படிப்புகள் நான்காண்டு. தாவரவியல் படித்தவர் அரசு வேளாண்மை அலுவலர் பணிக்கு விண்ணப்பிக்க இயலாது. வங்கிகளின் வேளாண்மைக் கள அலுவலர் பணிக்கும் வேளாண்மை அல்லது அதைச் சார்ந்த நான்காண்டுப் பட்டமே வேண்டும். "எல்லாம் செடி கொடி படிப்புத்தானே" என்று பிள்ளையைச் சேர்த்துவிட்டுப் படிப்பு முடிந்தபின் இதை அறிவது பெரும் ஏமாற்றம்.

இதனால் தாவரவியல் தாழ்ந்தது என்று எண்ண வேண்டாம். சென்னை மாநிலக் கல்லூரியில் தாவரவியல் பயின்ற ஜானகி அம்மாள், 1934 முதல் 1939 வரை கோவை கரும்பு இனப்பெருக்கு நிலையத்தில் கரும்பின் உயிரணுக்களை ஆராய்ந்து உலகப் புகழ் பெற்றார். எதிர்த்திசையில் எம். எஸ். சுவாமிநாதன் முதலில் விலங்கியல் பட்டம் பெற்று, பின்னர் கோவை வேளாண்மைக் கல்லூரியில் சேர்ந்து மறுபடியும் ஒரு பட்டம் பெற்றார். இந்திய வனப்பணித் தேர்வுக்குத் தாவரவியல் பட்டதாரியும் தகுதியுடையவரே. காட்டுச் செடிகளை இனம் காண்பதிலும் ஆசிரியர் பணியிலும் ஆர்வமுள்ள பிள்ளைக்கு அதுவே ஏற்றது. ஆனால் முதுகலையும் அதற்கு மேலும் படிக்கும் பொறுமை வேண்டும்.

வேளாண்மையா, தோட்டக்கலையா என்பது அடுத்த கேள்வி. வேளாண்மைப் பட்டத்தில் நெல், சோளம், பருத்தி, மண், பூச்சி, நோய், பண்ணைப் பொருளாதாரம் என அனைத்தும் வரும். தோட்டக்கலையில் பழம், காய்கறி, மலர், மலைப்பயிர் ஆகியவற்றை ஆழ்ந்து படிப்பர். பரவலாகப் பயிரிடப்படும் பி.கே.எம். 1 செடிமுருங்கை 1989ஆம் ஆண்டு பெரியகுளத்திலிருந்து வெளியிடப்பட்டது. அங்கேதான் தோட்டக்கலைக் கல்லூரியும் இருக்கிறது. முருங்கையும் தென்னையும் நிறைந்த நம் வட்டாரத்தில், படித்துவிட்டு ஊருக்கே திரும்பும் எண்ணமுள்ள பிள்ளைக்குத் தோட்டக்கலை நன்கு பயன்படும். ஏனோ நம் பெற்றோர்கள் அதை இரண்டாம் தரமாகவே நினைக்கிறார்கள்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் சேர நீட் தேர்வு இல்லை. மேல்நிலைத் தேர்வு மதிப்பெண்ணே தரவரிசைக்கு அடிப்படை. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவர்க்கு 2021 முதல் 7.5 விழுக்காடு முன்னுரிமை ஒதுக்கீடு உண்டு. தொழிற்பிரிவில் வேளாண்மை பயின்றவர்க்கும் தனி ஒதுக்கீடு இருக்கிறது. வேளாண்மைப் பொறியியலுக்குக் கணிதம் இன்றியமையாதது. ஆதலால் பதினொன்றாம் வகுப்பில் பாடப்பிரிவு எடுக்கும்போதே இதைக் கவனித்துக்கொள்ள வேண்டும்.

கலந்தாய்வில் கல்லூரிகளை விருப்ப வரிசைப்படி எழுதும்போதுதான் பலர் தடுமாறுகிறார்கள். கோவை வளாகத்தின் பெயருக்காக, மனம் ஒப்பாத பாடத்தை முதலில் எழுதிவிடுகிறார்கள். வயலை விரும்பும் பிள்ளை கோவையில் உயிர்த்தொழில்நுட்பம் எடுத்து ஆய்வகத்தில் அடைந்து கிடப்பதைவிட, மதுரையிலோ கிள்ளிகுளத்திலோ திருச்சியிலோ வேளாண்மை படிப்பதே மேல். பாடத்தை முதலில் முடிவு செய்து, ஊரைப் பின்னர் பார்க்க வேண்டும். 1906ஆம் ஆண்டிலிருந்து கோவையில் வளர்ந்த நூலகமும் ஆராய்ச்சிப் பண்ணைகளும் வேறெங்கும் எளிதில் கிடைக்கா என்பதும் உண்மையே. விரும்பிய பாடம் அங்கேயே கிடைத்தால் தயங்க வேண்டாம். வீட்டுக்கு அருகில் வேண்டுவோர்க்குக் கரூரிலும் வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது.

பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரியானாலும் இணைவு பெற்ற தனியார் கல்லூரியானாலும் பட்டம் வழங்குவது ஒரே பல்கலைக்கழகமே. ஆனால் கட்டணத்தில் மிகுந்த வேறுபாடு உண்டு. பிற தனியார் பல்கலைக்கழகங்கள் தாமே பட்டம் வழங்குகின்றன. அங்குச் சேர்வதற்கு முன், இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் தரச்சான்று நடப்பில் உள்ளதா என்று எழுத்து மூலமாகக் கேட்டுப் பெறுங்கள். அச்சான்று இல்லையெனில், அகில இந்திய அளவில் மேற்படிப்பு இடம் பெறுவதில் இடர் வரலாம். "விண்ணப்பித்திருக்கிறோம், வந்துவிடும்" என்ற பதிலை நம்பி முன்பணம் கட்ட வேண்டாம்.

தனியார் கல்லூரியை நேரில் பார்க்காமல் சேர்க்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை போனால் கட்டடம் மட்டுமே தெரியும். வேலை நாளில் காலையிலேயே செல்லுங்கள். மாணவர்கள் வயலில் இறங்கியிருக்கிறார்களா, ஒவ்வொருவருக்கும் பாத்தி ஒதுக்கி விதைப்பிலிருந்து அறுவடை வரை செய்ய வைக்கிறார்களா என்று பாருங்கள். கிணற்றை எட்டிப் பாருங்கள். கோடையில் நீர் இல்லாத பண்ணையில் செய்முறைப் பாடம் கரும்பலகையோடு நின்றுவிடும். கிணறு, மண், மாடு ஆகியவற்றைக் கண்ட மாத்திரத்தில் எடைபோட விவசாயிக்குப் பிறர் கற்றுத்தர வேண்டியதில்லை. பூச்சியியல், நோயியல், மண்ணியல், உழவியல் துறைகளுக்குத் தனித்தனி ஆசிரியர்கள் உள்ளனரா என்றும் விசாரியுங்கள். ஒருவரே மூன்று பாடம் நடத்தும் இடத்தைத் தவிர்ப்பது நல்லது.

இறுதியாண்டு வேளாண்மை மாணவர்கள் ஊரகப் பணி அனுபவப் பயிற்சிக்காகச் சில வாரங்கள் கிராமங்களில் வந்து தங்குவது வழக்கம். தங்கள் பக்கத்துத் தோட்டத்துக்கு அவர்கள் வரும்போது கூப்பிட்டு ஒரு வாய் மோர் கொடுத்து, கல்லூரியைப் பற்றிக் கேளுங்கள். விடுதி உணவு, ஆசிரியர் வருகை, கூடுதலாக வாங்கப்படும் கட்டணம் இவையெல்லாம் அவர்கள் சொன்னால்தான் தெரியும். அப்படியே முருங்கையில் ஒரு பூச்சியைக் காட்டி என்னவென்று கேட்டுப் பாருங்கள். அந்தக் கல்லூரியில் எவ்வாறு கற்றுத் தருகிறார்கள் என்பது அதிலேயே ஓரளவு விளங்கிவிடும்.