94-இல் நின்ற வேகம்: பழைய கணினியில் செய்த ரவுட்டரும் ஒரு வகுப்பறைக் கேள்வியும்

பன்னிரண்டாம் வகுப்பு கணினிப் பயன்பாடுகள் பாடநூலில் வலையமைப்பு வடங்களைப் பற்றி ஒரு பாடம் இருக்கிறது. எட்டுக் கம்பிகளின் நிற வரிசை, ஆர்ஜே-45 இணைப்பி, கிரிம்பிங் கருவி எல்லாம் அதில் வரும். மாணவர்கள் வரிசையை ஒப்பித்துவிடுவார்கள். ‘எட்டில் ஒரு கம்பி அறுந்தால் என்ன ஆகும்?’ என்று கேட்டால் ‘நெட் வராது சார்’ என்பார்கள். நான் அறிவியல் ஆசிரியர். ஆய்வகப் பொறுப்பும் என்னிடம் இருக்கிறது. சில மாதங்களுக்கு முன்புவரை நானும் அதே பதிலைத்தான் சொல்லியிருப்பேன்.

குருபரப்பள்ளியில் எங்கள் வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு வந்து சில ஆண்டுகள் ஆகின்றன. பிள்ளைகள் எந்தத் தளத்துக்குப் போகலாம், இரவு எத்தனை மணிவரை போகலாம் என்பதை வீட்டிலேயே கட்டுப்படுத்த நினைத்து, மூலையில் கிடந்த ஒரு மேசைக் கணினியை ஃபயர்வால் ரவுட்டராக மாற்றினேன். இதற்குப் பிஎஃப்சென்ஸ் என்ற கட்டற்ற மென்பொருள் உதவுகிறது. ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தின் மேல் ஓடுவது. 2004-இல் மோனோவால் என்ற திட்டத்திலிருந்து கிளைத்தது. அதிலிருந்து கிளைத்த ஓபிஎன்சென்ஸின் முதல் வெளியீடு 2015-இல் வந்தது. இரண்டில் எதுவானாலும் கணினிக்கு இரண்டு நெட்வொர்க் கார்டுகள் வேண்டும். ஒன்று வெளியே இணையத்துக்கு, மற்றொன்று உள்ளே வீட்டுக்கு.

100 மெகாபிட் திட்டத்தில் இருந்தவரை ஒரு குறையும் தெரியவில்லை. 300-க்கு மாறிய பிறகும் வேகச் சோதனையில் 94-தான் வந்தது. காலையில் 94, நள்ளிரவில் 94. நிறுவனத்துக்கு ஆறு முறை தொலைபேசியில் பேசினேன். லைன் பார்க்க வந்த தம்பி ஃபைபர் பெட்டியில் தன் மடிக்கணினியை நேராகச் செருகி 300-ஐக் காட்டினார். ‘லைன் நல்லா இருக்கு சார், உங்க பெட்டியிலதான் ஏதோ இருக்கு’ என்றார். எனக்குக் கோபம். இரண்டு கார்டுகளும் ஜிகாபிட் கார்டுகள் என்று அவரிடம் வாதாடி அனுப்பிவிட்டேன்.

மறுநாள் வகுப்பில் வடம் பாடத்தின்போது இதைப் புலம்பலாகச் சொன்னேன். பின் வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி கேட்டாள்: ‘சார், அது ஏன் எப்பவும் 94? நெட் ஸ்லோன்னா ஏறி இறங்கணும்ல?’

வெளியில் நெரிசல் என்றால் மாலையில் குறைந்து விடியற்காலையில் ஏற வேண்டும். ஒரே எண்ணில் நிற்கிறது என்றால் அங்கே ஏதோ ஓர் உச்சவரம்பு இருக்கிறது. அந்த உச்சவரம்பு எது என்பதை அந்த எண்ணே சொல்லிவிடும். அன்றைய பாடவேளை முழுவதும் இந்தக் கணக்குக்கே போனது.

கம்பியில் தகவல் சிறு சிறு பொட்டலங்களாகப் போகிறது. ஒரு பொட்டலத்தின் உள்ளே அதிகபட்சம் 1500 பைட். அதில் ஐபி முகவரிக்கான தலைப்பு 20 பைட், டிசிபி தலைப்பு 20 பைட். மீதம் 1460. பெரும்பாலும் நேரக்குறிப்புக்காக இன்னும் 12 பைட் கழியும், 1448 மிஞ்சும். வெளியிலும் செலவு உண்டு. ஈதர்நெட் தலைப்பு 14, பிழை சரிபார்ப்பு 4, முன்னறிவிப்பு 8, இரு பொட்டலங்களுக்கு நடுவே கட்டாய இடைவெளி 12. எல்லாம் சேர்த்தால் கம்பியில் 1538 பைட் நேரம் பிடித்து 1448 பைட் சரக்கு போகிறது. 1448-ஐ 1538-ஆல் வகுத்தால் 94 சதவீதம்.

ஆக, 94 என்பது கெட்டுப்போன வேகமே இல்லை. 100 மெகாபிட் இணைப்பு ஒன்று முழு வேகத்தில் ஓடுகிறது என்பதற்கான அடையாளம் அது. ஜிகாபிட் இணைப்பு முழு வேகத்தில் ஓடினால் 940 சுமார் வரும். 1000 ஒருபோதும் வராது. வேகச் சோதனையில் 94 வந்தால் வழியில் எங்கோ ஒரு துண்டு 100-இல் நிற்கிறது என்று பொருள். 300-ஐ ஏன் தரவில்லை என்று நிறுவனத்தோடு சண்டை போட்டது தவறான இடத்தில் தேடியதுதான்.

ஏன் 100-இல் நிற்கிறது? இங்கேதான் பாடநூலின் நிற வரிசை உயிர்பெறுகிறது. 568பி முறையில் 1, 2 ஆரஞ்சு ஜோடி. 3, 6 பச்சை ஜோடி. 4, 5 நீல ஜோடி. 7, 8 பழுப்பு ஜோடி. (எங்கள் பகுதியில் தெலுங்கு பேசும் பிள்ளைகள் ‘ஜத’ என்பார்கள். அதுவும் புரிகிறது, நான் திருத்துவதில்லை.) 100 மெகாபிட் இணைப்புக்கு ஆரஞ்சும் பச்சையும் போதும். ஜிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். இது 1999-இல் வந்த 802.3ஏபி தரத்தில் உள்ள விதி. இரு முனைக் கருவிகளும் எந்த வேகத்தில் பேசுவது என்று முதலில் ஒப்பந்தம் செய்துகொள்கின்றன. அந்தப் பேச்சு நடப்பது ஆரஞ்சு, பச்சை ஜோடிகளில். பிறகு நீலமோ பழுப்போ வேலை செய்யவில்லை என்று தெரிந்தால் பெரும்பாலான கார்டுகள் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். சில இணையவே இணையாது. ‘நெட் வராது சார்’ என்ற பதில் பாதிதான் சரி.

வீட்டுக்கு வந்து ரவுட்டரின் முகப்புப் பக்கத்தைப் பார்த்தேன். உள்பக்கக் கார்டுக்கு நேராக 1000 பேஸ்-டி. வெளிப்பக்கக் கார்டுக்கு நேராக 100 பேஸ்-டிஎக்ஸ். முதல் நாளிலிருந்து அங்கேயே எழுதியிருந்தது; நான்தான் படிக்கவில்லை. ஃபைபர் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் நடுவே நானே கிரிம்ப் செய்த இரண்டு மீட்டர் வடம். எட்டாவது கம்பி இணைப்பியின் நுனிவரை போகாமல் நின்றிருந்தது. முனையை வெட்டி மறுபடி அடித்ததும் 300 முழுதாக வந்தது. அந்தத் தம்பியைக் கூப்பிட்டுச் சொன்னேன். சிரித்துவிட்டு வைத்துவிட்டார்.

இத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் மாணவர்கள் விடவில்லை. ‘ஆயிரத்துக்குப் போட்டா உங்க பெட்டி தாங்குமா சார்?’ என்று அடுத்த கேள்வி வந்தது.

அதற்கு இணையமே தேவையில்லை. ஐபெர்ஃப்3 என்ற சிறு நிரலை இரண்டு மடிக்கணினிகளில் போட்டு, ஒன்றை ரவுட்டரின் வெளிப்பக்கமும் மற்றொன்றை உள்பக்கமும் வடத்தால் இணைத்தோம். நிரலை ரவுட்டரிலேயே ஓட்டினால், அளக்கும் வேலையும் அதே கணினியின் தலையில் விழுந்து எண் குறைத்துக் காட்டும். எதிர்த்திசையிலும் ஒரு முறை ஓட்டிப் பார்க்க வேண்டும். வைஃபையில் அளப்பதை இந்த வேலைக்கு ஒதுக்கிவிடுங்கள். சுவரும் தூரமும் எண்ணைக் குழப்பும். வந்தது 380. இரண்டு மடிக்கணினிகளையும் ஒரே வடத்தில் நேராக இணைத்தபோது 940. ஆகவே குறுகல் ரவுட்டருக்குள்தான்.

காரணம் பழைய பிசிஐ துளைகள். 32 பிட் அகலம், நொடிக்கு 3.3 கோடி துடிப்பு. பெருக்கினால் சுமார் 1056 மெகாபிட். ஒரு ஜிகாபிட்டுக்குப் போதுமே என்று தோன்றும். ஆனால் இரண்டு கார்டுகளும் அந்த ஒரே பாதையைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒவ்வொரு பொட்டலமும் முதல் கார்டிலிருந்து நினைவகத்துக்கு ஒரு முறை, நினைவகத்திலிருந்து இரண்டாவது கார்டுக்கு ஒரு முறை, ஆக இரண்டு தடவை அதைக் கடக்கிறது. பாதியாக்கினால் 528; மற்ற செலவுகளும் போக 380 வியப்பில்லை. கார்டின் அட்டைப்பெட்டியில் ‘ஜிகாபிட்’ என்று இருந்தது பொய்யில்லை, செருகிய துளைதான் தடை. பிசிஐ எக்ஸ்பிரஸ் முதல் தலைமுறையின் ஒற்றைத் தடமே திசைக்கு நொடிக்கு 250 மெகாபைட் தரும். அந்தத் துளைக்கான இரட்டைக் கார்டு ஒன்றைப் பழைய பொருளாக வாங்கிப் போட்டதும் 940-ஐ எட்டினோம். யுஎஸ்பி 2.0 வழியாக நெட்வொர்க் செருகி பயன்படுத்துபவர்களுக்கும் இதே சிக்கல் உண்டு. அதன் மொத்த அளவே 480 மெகாபிட்.

அதன் பிறகும் ஒருநாள் சோதனை 400-க்கு விழுந்தது. ஊடுருவல் கண்காணிப்பு வசதியை நான் இயக்கி வைத்திருந்தேன். அது ஒவ்வொரு பொட்டலத்தையும் பிரித்துப் படிக்கும். ஆனால் முகப்புப் பக்கத்தில் செயலியின் பயன்பாடு 27 சதவீதம் என்றுதான் காட்டியது. செயலி ஓய்வாகத்தானே இருக்கிறது? நான்கு கருக்களையும் தனித்தனியே பார்த்தபோது ஒன்று மட்டும் 100-இல் திணறிக்கொண்டிருந்தது, மற்ற மூன்றும் சும்மா. வகுப்புச் சராசரியை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் என்ன நடக்கும் என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பிபிபிஓஇ முறையில் பயனர் பெயர், கடவுச்சொல் கொடுத்து இணைபவர்கள் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். சாதாரணப் பொட்டலங்களின் ஐபி முகவரியைப் பார்த்து நெட்வொர்க் கார்டு அவற்றைப் பல கருக்களுக்குப் பங்கிடும். பிபிபிஓஇ உறைக்குள் இருக்கும் முகவரியைப் பல கார்டுகளால் படிக்க முடியாது. எல்லாம் ஒரே வரிசையில் போய் நிற்கும். கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியில் எல்லா லாரிகளையும் ஒரே கவுண்டருக்கு அனுப்பியதைப் போல. அங்கே கருக்களின் எண்ணிக்கையைவிட ஒரு கருவின் வேகமே முக்கியம். பொட்டலத்தின் அளவையும் 1492 ஆக வைக்க வேண்டும், ஏனென்றால் உறைக்கே 8 பைட் போய்விடுகிறது.

அமைப்புப் பக்கத்தில் இன்னும் சில இடங்கள் தடையாகலாம். பழைய திட்டத்துக்கு என்று போட்ட வேக வரம்பை நீக்க மறந்திருப்போம். கார்டின் வேகத்தைத் தானியங்கியில் விடாமல் ஒரு முனையில் மட்டும் கையால் அமைத்தால் இரு முனையும் ஒத்துப்போகாமல் வேகம் தள்ளாடும். பொட்டலங்களைச் சேர்த்துக் கட்டும் டிஎஸ்ஓ, எல்ஆர்ஓ வசதிகள் ரவுட்டருக்கு ஆகாது, அணைத்தே இருக்கட்டும். எதை மாற்றினாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மாற்றி, அளந்து, குறித்துக்கொண்டு அடுத்ததற்குப் போக வேண்டும். ஆய்வகத்தில் ஒரு மாறியை மட்டும் மாற்று என்று நாம் சொல்வதுதான்.

இதை வகுப்பில் செய்து பார்க்க விரும்பும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். துறை வழங்கிய உயர் தொழில்நுட்ப ஆய்வகக் கருவிகளைக் கழற்றவோ அவற்றின் அமைப்புகளை மாற்றவோ வேண்டாம். சொந்த மடிக்கணினி இரண்டும் ஒரு மீட்டர் வடமும் போதும். அதோடு, வீட்டில் பழைய மேசைக் கணினியை ரவுட்டராக்குவது சிக்கனம் என்று நினைத்து இறங்க வேண்டாம். 50 வாட் இழுத்தாலே நாளுக்கு 1.2 யூனிட். கற்றுக்கொள்வதற்கு என்றால் தாராளமாகச் செய்யலாம்.

நான் தவறாக அடித்த அந்த முனையை எறியவில்லை. அதோடு நீல ஜோடி வெட்டிய வடம் ஒன்று, நல்ல வடம் இரண்டு என நான்கைச் சேர்த்து, அடையாளமில்லாமல் ஒரு பெட்டியில் வைத்திருக்கிறேன். நான்கு பேர் கொண்ட குழுவுக்கு இரண்டு மடிக்கணினிகள், இந்தப் பெட்டி, ஒரு பாடவேளை. பழுதான வடங்களைக் கண்டுபிடித்து, எந்த ஜோடி பழுது என்று எழுதித் தர வேண்டும். இந்த ஆண்டு ஒரு குழு 20 நிமிடத்தில் முடித்தது. வடத்தைத் தொடாமல் நேராக அமைப்புப் பக்கத்துக்குப் போன இன்னொரு குழு, மணி அடித்தபோதும் அங்கேயேதான் இருந்தது.