உள்ளங்கைச் சூடு

கொக்குவிலில் பிள்ளை பிறந்த வீட்டுக்கு அம்மம்மா எண்ணெய்ப் போத்தலோடுதான் வருவா. நல்ல வழக்கம். அமெரிக்காவில் டிஃபனி ஃபீல்ட் 1986இல் வெளியிட்ட ஆய்வில், நாளுக்கு மூன்று தடவை 15 நிமிடப்படி பத்து நாள் உருவிவிட்ட குறைமாதப் பிள்ளைகளுக்கு, மற்றப் பிள்ளைகளைவிட நிறை 47 வீதம் கூடுதலாக ஏறியது.

நுனிவிரலால் தடவினால் பிள்ளைக்குக் கூசும். உள்ளங்கையை முழுதாகப் பதித்து, இதமாக அழுத்துங்கள். பால் குடித்த கையோடு வேண்டாம். தேங்காயெண்ணெய் போதும்; மூக்கிலும் காதிலும் விடவே கூடாது, எந்த அம்மம்மா சொன்னாலும். பிள்ளை முகம் சுளித்தால், நிறம் மாறினால் உடனே நிறுத்துங்கள்.

நிறை 2.5 கிலோவுக்குக் குறைவா? எண்ணெயைவிட மார்புச் சூடே முக்கியம். தொப்பியும் நப்பியும் மட்டும் போட்டு, தாயின் வெறும் மார்பில் பிள்ளையை நிமிர்த்திக் கிடத்தி, மூக்கு மூடாதபடி துணியால் அணைத்துக் கட்டுங்கள். கொலம்பியாவில் 1970களின் கடைசியில் தொடங்கிய இந்தக் கங்காரு முறையை நாளுக்கு 8 முதல் 24 மணிநேரம் வரை செய்யச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அப்பாவும் செய்யலாம்.

குறைமாதப் பிள்ளையை உருவத் தொடங்க முன்னம், வைத்தியரிடமோ வீட்டுக்கு வரும் குடும்பநல மாதுவிடமோ ஒரு சொல் கேளுங்கள்.