நாணயமும் நுண்ணோக்கும்

நாணயம் என்னுஞ் சொல் காசையுங் குறிக்கும், நேர்மையையுங் குறிக்கும். பழைய பிரித்தானியக் காசுகளைச் சேர்ப்போர்க்கு இவ்விரண்டும் வேண்டற்பாலன.

காசின் மதிப்புப் பழமையால் மட்டும் அமைவதன்று, வேறுபாட்டினாலும் அமைவது. 1902ஆம் ஆண்டுப் பென்னியை எடுத்துக்கொள்வோம். அதன் பின்புறத்தே பிரித்தானியா என்னும் பெண்ணுருவம் வீற்றிருக்க, அப்பாற் கடல் தோன்றும். பெரும்பாலானவற்றிற் கடல்மட்டம் அவள் கால்கள் குறுக்கிடும் இடத்தை ஒட்டி நிற்கும். சிலவற்றில் அதனினுந் தாழ்ந்திருக்கும். தாழ்ந்தனவே அரியன. 1918, 1919ஆம் ஆண்டுப் பென்னிகள் சிலவற்றில் ஆண்டிலக்கத்தின் இடப்பக்கம் ‘எச்’ அல்லது ‘கேஎன்’ என்னும் எழுத்துக் காணப்படும். அவை பர்மிங்காமிலிருந்த தனியார் ஆலைகளில் அடிக்கப்பெற்றவை.

இந்நாளில் இக்காசுகள் இணையவழியே விலைப்படுகின்றன. இருபுறப் படங்களையும் பெருக்கிப் பார்த்த பின்னரே வாங்குதல் நன்று. 1933ஆம் ஆண்டுப் பென்னிகள் பத்துக்குங் குறைவாகவே அடிக்கப்பெற்றன; ஆதலின் ஆண்டிலக்கந் திருத்திய போலிகளும் உள. வாங்கிய காசைத் தேய்த்து மெருகிடுதலுந் தகாது, மதிப்புக் குன்றும்.

மாணவர்காள்! ஐயத்திற்குரிய காசொன்று நம் கையில் அகப்படின், அதனைப் பிறர்க்கு விற்கும்போது அவ்வையத்தையுஞ் சொல்லிவிடுவோமாக. அதுவே மற்றை நாணயம்.